கேப்பை மாவுக்குள் கற்பூரம்

போன வருடம் மாசி மாதக் கடைசியில், ஜப்பானின் ஒரு சிறிய ஊரில், குன்றின் மேலிருக்கும் பழமையான ஷின்டோ கோயிலில் நடந்தது இது. அன்று ஞாயிற்றுக்கிழமை. அதே நேரத்தில் செஞ்சிக்குப் பக்கத்தில், வல்லம் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் நிலத்தில் தண்ணீருக்காக மூன்றாவது முறையாக போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் விழுப்புரத்தில் பொறியியல் படித்தேன். இப்போது திண்டிவனத்தில் விடுதியில் தங்கி, வாகன உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். தரப் பரிசோதனைப் பிரிவு. எதையும் பட்டியல் போட்டுச் செய்கிற பழக்கம் வேலையால் வந்ததா, கூடவே பிறந்ததா என்று எனக்கே தெரியாது. மூன்று மாதப் பயிற்சிக்காக என்னையும், வானூரைச் சேர்ந்த இன்னொரு பெண்ணையும் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அங்கேயும் ஒரே அறை.

கிளம்பும்போது எடுத்துப் போக வேண்டியவை என்று நாற்பத்தொரு பொருள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டேன். நாற்பத்திரண்டாவது பொருள் ஒன்று பெட்டியில் இருந்தது என்பது, போய்ச் சேர்ந்த நான்காவது நாள்தான் தெரிந்தது. கேப்பைக் களி கிளறி வாயில் வைத்தோம். கோயில் வாசனை. மாவுப் பொட்டலத்தைக் கிளறிப் பார்த்தால் உள்ளே ஒரு கற்பூரப் பாக்கெட். அம்மாவுக்கு போன் போட்டேன்.

"கற்பூரத்த ஏம்மா மாவுல வெச்ச? ஃபிளைட்ல அத எடுத்துக்கினு வரவே கூடாதும்மா."

"தெரியும். அதான் மாவுல வெச்சேன்."

"மாட்டியிருந்தா?"

"மாட்டலல்ல? எந்த ஊரு சாமியா இருந்தா என்னா, போய் ஒரு கற்பூரம் ஏத்தி கும்புட்டுட்டு வா."

அன்றே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். கை வரவில்லை. மேசை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

அந்த முதல் வார ஞாயிற்றுக்கிழமையே எங்களுக்குப் பயிற்சி தருபவர் இருவரையும் அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போனார். சுமார் நூறு கல் படிகள். இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் மரங்கள். மேலே ஒரு மர வாயில். அதன் முன் நின்று தலை குனிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடுவில் நடக்கக் கூடாது, அது சாமி நடக்கிற பாதை. கல் தொட்டியில் ஓடுகிற தண்ணீரை மூங்கில் அகப்பையால் மொண்டு இடது கை, வலது கை, வாய் என்று வரிசையாகக் கழுவ வேண்டும். சந்நிதியில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கை தட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். திரும்பும்போது வாயிலுக்கு வெளியே நின்று, கோயிலைப் பார்த்து இன்னொரு முறை குனிய வேண்டும். இதையெல்லாம் நான் நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டேன். ஆறாவது எண்ணில் எழுதியது: 'எங்கும் நெருப்பு கூடாது. எல்லாம் மரம்.'

உள்ளே சிலை கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்கு இல்லை, தீபாராதனை இல்லை. என்னுடன் வந்தவளுக்கு அது பெரிய குறை. "சாமியும் தெரியல, கற்பூரமும் இல்ல. வந்ததுக்கு அடையாளமா கைய தட்டிட்டுப் போறோம்" என்றாள். எனக்குப் பிடித்தது பக்கவாட்டில் இருந்த ஒரு மரச் சட்டம். அதில் உள்ளங்கை அகலப் பலகைகள் நூற்றுக்கணக்கில் தொங்கின. ஒரு பக்கம் குதிரைப் படம், மறுபக்கம் யாரோ ஒருவரின் வேண்டுதல், அவரவர் கையெழுத்தில். எங்கள் ஊர் எல்லையில் ஐயனாருக்கு மண் குதிரை செய்து வைப்பார்கள். இங்கே பலகையில் குதிரை. அந்த ஒன்று மட்டும் எனக்கு அந்நியமாகப் படவில்லை.

இனி போர் விஷயம். நாங்கள் பயிரிடுவது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. எங்கள் பக்கம் பூமிக்குக் கீழே பெரும்பாலும் பாறை. இரண்டு முறை போட்டு இரண்டும் பொய்த்துப் போயிருந்தன. மூன்றாவதற்கு அப்பா யாரிடமும் கலந்து பேசாமல் ஆள் கூட்டி வந்துவிட்டார். சனிக்கிழமை இரவு போனில் சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார்: "இதுவும் புகையா போச்சின்னா கொல்லைய கரம்பா போட்டுட்டு, வானூர் பக்கம் கட்டட வேலைக்குப் போறேன். மல்லாட்ட போட்டது போதும்."

அப்பா கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

ஞாயிறு பகல் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னால் போர் வண்டியின் இரைச்சல். "நானூறு அடி போயிடிச்சு. வெறும் புழுதிதான் வருது. உங்கப்பா வண்டிய பாத்துக்கினு கல்லு மாதிரி நிக்கிறாரு. நீ அந்த கற்பூரத்த ஏத்தினியா இல்லியா?"

"இல்லம்மா."

அம்மா திட்டவில்லை. "சரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இழுப்பறையைத் திறந்தேன்.

கோயிலுக்குப் போகிற வழியில் கடையில் லைட்டர் வாங்கினேன். என்னுடன் வந்தவள் படிகளில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, நோட்டுல ஆறாவது பாயின்ட் என்னான்னு நெனப்புல இருக்குதா?" என்று கேட்டாள். வாயிலில் குனிந்தேன். ஓரமாகவே நடந்தேன். கை கழுவினேன். எல்லா முறைகளையும் சரியாகச் செய்துவிட்டு, செய்யக் கூடாத ஒன்றைச் செய்ய இடம் தேடினேன். பலகைச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல் இருந்தது. கோயில் அலுவலகத்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாது. அதன் மேல் மூன்று கட்டிகளை வைத்து ஏற்றினேன். அப்போது மணி ஒன்று ஐம்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது.

கண்ணை மூடி, அப்பாவின் முகத்தை நினைத்து ஒரு வரி வேண்டியிருப்பேன். காற்று வீசியது. எரிகிற கட்டி ஒன்று கல்லிலிருந்து உருண்டு கீழே விழுந்தது.

அந்த மரங்களின் உதிர்ந்த இலைகள் ஊசி ஊசியாக இருக்கும். குளிர்காலம் முழுக்க உதிர்ந்து, மழையில்லாமல் காய்ந்து, கணுக்கால் அளவுக்குக் கிடந்தன. தீ பற்றியது என்று சொல்வதைவிட ஓடியது என்று சொல்ல வேண்டும். நான் அதைப் புரிந்துகொள்வதற்குள் சட்டத்தின் காலை எட்டிவிட்டது. எனக்கு மேலே நூற்றுக்கணக்கான பலகைகள். அதற்கு நாலடி தள்ளி, மரப்பட்டைக் கூரை போட்ட பல நூறு வருடத்துக் கோயில்.

கம்பெனி கொடுத்த ஜாக்கெட்டைக் கழற்றி அடித்தேன். காலால் மிதித்தேன். அவள் தொட்டிக்கு ஓடி, இரண்டு கையிலும் இரண்டு மூங்கில் அகப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். வருவதற்குள் பாதி சிந்திவிட்டது. "எம்மா, எம்மா" என்று அலறிக்கொண்டே மறுபடி ஓடினாள், மறுபடி வந்தாள். மொத்தம் ஒரு நிமிடம் இருக்கும். அணைந்துவிட்டது.

தரையில் ஒரு பாய் அளவுக்குக் கறுப்பு. சட்டத்தின் ஒரு கால் அடியில் கருகியிருந்தது. கடைசி வரிசையில் தொங்கிய ஒரே ஒரு பலகையின் கீழ் முனை எரிந்து, எழுத்தின் கடைசி வரி போய்விட்டது. சின்னச் சின்ன எழுத்து, அடிக்கோடு போட்டு நேராக எழுதியது. ஒருமுறையாவது அழித்துவிட்டு எழுதியிருக்கிறார்கள்.

"யாரும் பாக்கலக்கா. ஜல்தி வா, போயிடலாம்" என்றாள் அவள். பிறகு, நான் நகராததைப் பார்த்து, "தெரிஞ்சா ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிடுவாங்க. கம்பெனி பேரும் கெட்டுடும். நமக்கப்புறம் ஒரு பொண்ணையும் அனுப்ப மாட்டாங்க" என்றாள்.

எல்லாமே சரிதான். நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கருகிய பலகையைக் கழற்றி, மற்ற பலகைகளுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாதபடி மாட்டினேன். கறுத்த தரை மேல் காலால் இலைகளைத் தள்ளி மூடினேன். ஜாக்கெட்டைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். வேகமாக நடந்தோம்.

வாயிலுக்கு வெளியே வந்ததும் பழக்கத்தில் திரும்பினேன், குனிவதற்காக. கழுத்து வளையவில்லை.

மனசாட்சி குத்தியது என்று எழுத ஆசைதான். அந்த நொடியில் எனக்குத் தோன்றியது வேறு. எங்கள் தொழிற்சாலையில் வருடத்துக்கு இரண்டு முறை தீயணைப்புப் பயிற்சி உண்டு. சான்றிதழ்கூட வைத்திருக்கிறேன். அதில் முதல் பாடம், மேலே அணைந்த நெருப்பு குப்பைக்கு அடியில் கனன்றுகொண்டு இருக்கும், சில மணி நேரம் கழித்தும் எழும் என்பது. நான் என்ன செய்திருக்கிறேன்? சரியாக அணைந்ததா என்று பார்க்காமல், அதன் மேல் இன்னும் காய்ந்த இலைகளைப் போட்டு மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

"நீ கீழ போ. நான் சொல்லிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நீ மட்டும் போய் சொல்லுவியா? தண்ணி ஊத்தினது யாரு?" என்று முறைத்துவிட்டு, எனக்கு முன்னால் அவள் நடந்தாள்.

அலுவலக ஜன்னலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளை மேலுடை, மூக்குக் கண்ணாடி. தன் அப்பாவுடன் சேர்ந்து அவரும் அங்கே பூசை செய்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் 'நெருப்பு', 'நான்', 'அங்கே' என்று மூன்று சொற்கள் மட்டும் வந்தன. அவர் எழுந்து வெளியே வந்தார். முதலில் எங்கள் இருவரின் கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் இல்லை என்று தெரிந்ததும் ஓடினார்.

மண்வாரியால் இலைகளை விலக்கி, முழங்காலிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். ஓர் இடத்தில் கையைச் சட்டென்று எடுத்தார். அங்கே கிளறியபோது மெல்லிய நூல் போலப் புகை வந்தது. நாங்கள் மூவரும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். அந்தப் புகையை இன்றைக்கும் நான் கனவில் பார்ப்பதுண்டு.

பிறகு அலுவலகத்தில் உட்காரவைத்து, தடிமனான பதிவேடு ஒன்றைத் திறந்தார். அலுவலக டேப்லெட்டில் மொழிபெயர்க்கிற செயலியைத் திறந்து நடுவில் வைத்துக்கொண்டோம். நேரம் கேட்டார், சொன்னேன். நெருப்பு ஏன் வந்தது? கற்பூரம் ஏற்றினேன். ஏன்? எங்கள் ஊரில் கும்பிடும்போது ஏற்றுவோம். அது அவருக்குப் புரிந்தது, தலையசைத்து எழுதினார். பிறகு பேனாவை நிறுத்திவிட்டு, கொஞ்சமும் குரல் மாறாமல் கேட்டார். "கும்பிடுவது என்றால் முன்னால் அல்லவா கும்பிடுவீர்கள்? ஏன் பின்னால் போனீர்கள்?"

தொழிற்சாலையில் ஒரு பாகம் கெட்டுப்போனால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டுக்கொண்டே போவோம். வொய்-வொய் ஷீட் என்று பெயர். வாரத்துக்கு ஒன்றாவது நான் நிரப்புகிறேன். ஐந்தாவது ஏனுக்கு வரும்போது பெரும்பாலும் இயந்திரம் மேலோ, முறை மேலோ காரணம் போய் நிற்கும். அன்று அது என் மேல் வந்து நின்றது.

"இந்த ஜன்னலிலிருந்து தெரியாது என்பதால்" என்றேன். "நெருப்பு கூடாது என்பது எனக்குத் தெரியும். என் நோட்டில் எழுதியிருக்கிறேன்."

செயலி அதை அவர் மொழியில் சொல்லி முடித்தது. அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுதினார். அதை அழிக்க முடியாத மையில் எழுதினார் என்பதைக் கவனித்தேன்.

கருகிய பலகையை நானே எடுத்து வந்து மேசை மேல் வைத்தேன். ஒளித்து வைத்ததையும் சொன்னேன். இதில் என்ன எழுதியிருக்கிறது, யார் எழுதியது, நான் மன்னிப்புக் கேட்கலாமா என்று கேட்டேன். அவர் அதை இரண்டு கைகளாலும் எடுத்து, படிக்காமல், குதிரைப் படம் மேலே வரும்படி திருப்பி வைத்தார். மற்றவர்களின் வேண்டுதலைப் படித்துச் சொல்வது தன் வேலை இல்லை, இதைத் தனியாகச் சந்நிதியில் வைத்துப் பூசை செய்வேன் என்றார். தீயணைப்பு நிலையத்துக்கும் எங்கள் கம்பெனிக்கும் தகவல் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் அதே குரலில்தான் சொன்னார்.

படி இறங்கிப் பாதி தூரம் வந்ததும் போனில் சிக்னல் வந்தது. அதுவரை குன்றின் மேல் என் போனில் சிக்னல் இல்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்பாவின் குரல் பதிவு ஒன்று. இரைச்சலுக்கு நடுவில், அப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "தண்ணி வந்திடிச்சும்மா! நானூத்தி நாப்பதுல! மேல அடிக்குதும்மா, உங்கம்மா நனைஞ்சிக்கினு நிக்குது!"

படியிலேயே உட்கார்ந்து அழுதேன். அவளும் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்த பிறகுதான் பதிவின் நேரத்தைப் பார்த்தேன். போனை ஊர் நேரத்திலேயே வைத்திருந்தேன், காலை பத்து ஐந்து என்று காட்டியது. மூன்றரை மணி நேரம் கூட்டினால் ஜப்பானில் ஒன்று முப்பத்தைந்து. நான் கற்பூரம் ஏற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை பயிற்சி தருபவர் முன்னால் போய் நின்றேன். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. இரவு எழுதிய வொய்-வொய் ஷீட்டை நீட்டி, டிக்கெட்டை எப்போதைக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டேன். அவர் கடைசி வரி வரை படித்தார். 'இனி நடக்காமலிருக்க' என்ற கட்டத்தில் விரலை வைத்தார். அது காலியாக இருந்தது. "இதை நிரப்பவில்லையே" என்றார். திருப்பி அனுப்புவதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. ஆனால் காலைக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால் அந்தத் தாளை நானே படித்துக் காட்ட வேண்டியிருந்தது. காலிக் கட்டத்தில், கோயில் சம்மதித்தால் பயிற்சி முடியும் வரை ஞாயிறுதோறும் அங்கே காய்ந்த இலைகளை இருவரும் கூட்டி அள்ளுவோம் என்று எழுதினேன். கோயில் சம்மதித்தது.

"நீ எழுதின, சரி. என் பேரையும் ஏன்கா சேத்து எழுதின?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள் அவள். ஒரு வாரம்கூட வராமல் இருந்ததில்லை.

ஊருக்குத் திரும்பியதும் போருக்குப் பொங்கல் வைத்தோம். அதற்குள் ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது, பெண் ஜப்பானில் கற்பூரம் ஏற்றியதும் இங்கே தண்ணீர் பீய்ச்சி அடித்ததாக. அம்மா குழாய்க்குப் பக்கத்தில், புளிய மரத்தடியில், காய்ந்த சருகுகளுக்கு நடுவே தட்டை வைத்துக் கற்பூரத்தை எடுத்தார். நான் தடுத்து, சருகைக் கூட்டித் தள்ளி, ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன்.

"நீ சாமி கும்புட வந்தியா, ஃபயர் இன்ஜின் ஓட்ட வந்தியா?" என்றார் அம்மா.

அப்போதுதான் சொன்னேன். நெருப்பை, ஒளித்ததை, திரும்பிப் போனதை. ஒன்று முப்பத்தைந்தையும் ஒன்று ஐம்பதையும் சொன்னேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அசரவில்லை.

"நீ ஏத்தப் போறேன்னு சாமிக்கு முன்னாடியே தெரியாதா?"

"அம்மா, கோயிலே எரிஞ்சிருக்கும்."

அம்மா கையிலிருந்த கற்பூரத்தைப் பார்த்தார். பிறகு, "அந்தப் பலகை யாருது?" என்று கேட்டார்.

"தெரியலம்மா. சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

"எந்தப் புள்ளைக்கு எந்தப் பரீட்சையோ. யாருக்கு என்னா நோவோ" என்றார். பாக்கெட்டிலிருந்து இன்னொரு கட்டியை எடுத்து, எங்கள் கற்பூரத்துக்குப் பக்கத்தில், ஒட்டாமல் தனியாக வைத்தார். "இது அவங்களுக்கு. நீ ஏத்து."

ஏற்றினேன். இரண்டும் எரிந்து தீரும்வரை யாரும் நகரவில்லை. வாளித் தண்ணீரை அப்பா எடுத்து, தட்டைச் சுற்றி ஊற்றி, குனிந்து தரையில் கை வைத்துப் பார்த்தார்.

இப்போதும் எங்கே கும்பிட நின்றாலும் என் வேண்டுதல்கள் வரிசையாகத்தான் வருகின்றன. அதில் முதலாவது, என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாத அந்தப் பலகையின் வேண்டுதல், நான் எரித்த கடைசி வரியும் சேர்த்து, நிறைவேறியிருக்க வேண்டும் என்பது.